ஏறக் கூடாத நம்பர்

போன திங்கட்கிழமை லேபுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். பாகூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி கோதண்டம் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தத் தேதியை ரெண்டு தடவை படித்தேன். ஏன்? சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தில் உங்களோடு அரட்டை வாரம் ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் வில்லியனூரில் ஒரு சின்ன லேபில் ஊசியும் கையுமாக இருக்கிறவள் நான். கோதண்டம் சித்திரையிலிருந்து மாதாமாதம் ரத்தம் கொடுக்க வந்தார். ஈரலில் புற்றுநோய் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள் — மகனிடம். அவரிடம் வெறும் 'ஈரல் வீக்கம்'. ஈரல் என்றாலே எங்கள் ஊரில் முதலில் வாயை மோந்து பார்ப்பார்கள். இவரோ சாராயக்கடைப் பக்கமே போகாதவர். நோய்க்கு அந்த நியாயமெல்லாம் தெரியுமா என்ன?

அவர் ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்கிற என்சைமைப் பார்ப்பேன். ஈரல் கெடக் கெட அது ரத்தத்தில் ஏறும். "இவர் விஷயத்துல இது எவ்வளவு வேகமா ஏறுதோ, அவ்வளவு சீக்கிரம்..." என்று எங்கள் லேப் டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதி எனக்குப் புரிந்தது.

கோதண்டத்துக்கு வேறு மாதிரி புரிந்தது. சர்க்கரை ஆலை ஆள் வயலுக்கு வருவார். கரும்பைக் குத்தி, ரெண்டு சொட்டுச் சாற்றைக் கருவியில் விட்டு 'பிரிக்ஸ்' நம்பர் சொல்வார். நம்பர் ஏறினால் இனிப்பு கூடிவிட்டது, உடனே வெட்டச் சொல்லிக் கட்டிங் ஆர்டர். ஆயுசு முழுக்க அப்படி நம்பர் பார்த்த மனுஷன் என் சீட்டையும் அப்படியே படித்தார்.

"இன்னாம்மா, போன மாசத்த விட ஏறியிருக்குது போல?"

"ஆமாங்க பெரியப்பா."

"அப்பிடிப் போடு! ஈரல் தேறுதுன்னு சொல்லு."

'அப்பாகிட்ட சொல்லிடாதீங்கக்கா' என்று மகன் கையெடுத்துக் கும்பிட்டிருந்தான். சும்மா இருப்பதுதான் இரக்கம் என்று நினைத்தேன். நாம் எல்லோரும் அப்படித்தானே நினைக்கிறோம்...

ஆனியிலும் ஏறியது. மனுஷன் பெஞ்சில் உட்கார்ந்து உற்சாகமாகச் சொன்னார்: "பொண்ணுக்கு ஆவணியிலயே முடிக்கணும்னு மாப்ள வூட்டுல கேக்குறாங்க. நான்தான் இன்னா அவசரம், ஒடம்பு தேறிக்கினு வருது, தையில கரும்ப வெட்டிட்டு ஜாம்ஜாம்னு பண்ணலாம்னுட்டேன்."

தை வரைக்கும் இவர் இருப்பாரா? மகளைத் தாரை வார்க்க இந்தக் கை இருக்குமா?

"பெரியப்பா... இந்த நம்பர் கரும்பு மாதிரி இல்ல. இது ஏறுனா நல்லதில்ல."

சீட்டில் அந்த நம்பர் மேல் விரலை வைத்தார். "இத எறக்க மருந்து இல்லியா?"

டாக்டரிடம் நானும் இதையே கேட்டிருந்தேன். நம்பரை இறக்கினால் மட்டும் நோய் இறங்காதாம். கட்டி எந்த என்சைமை வைத்துப் பிழைக்கிறது என்று கண்டுபிடித்து, அதையே முடக்க மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்களாம். ஒருநாள் வருமாம். அதைச் சொன்னேன்.

"என் ஆயுசுக்குள்ள வராது, இல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப எனக்குக் கட்டிங் ஆர்டர் வந்துடுச்சின்னு சொல்லு." சீட்டை மடித்து ஜோபியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே மகன் வந்து கத்தினான். "நீங்க இன்னா டாக்டரா?" நியாயமான கேள்வி. டாக்டரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்தப் பத்திரிகை. ஆவணி முகூர்த்தம்! கொண்டுவந்தது அதே மகன். "கட்டாயம் வந்துடுங்கக்கா" என்றான்.

நேற்றுப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மகளைத் தாரை வார்த்தார் கோதண்டம். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே கூப்பிட்டார்.

"கரும்ப பையன் வெட்டிக்குவான். இத நான்தானம்மா பண்ணணும்?"

"இந்த மாசம் ரத்தம் குடுக்க எப்ப வரீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். பழக்கதோஷம்!

சிரித்துவிட்டார். "நம்பர் போதும். போம்மா, போய்ப் பந்தியில உக்காரு."

உட்கார்ந்தேன். பாயசம் நல்ல இனிப்பு... எனக்குத்தான் உள்ளே போகவில்லை.