நடு ஏற்றத்தில் நின்ற மீன் வண்டி

"…அது வண்டியில்ல மக்கா, மிக்ஸி ஆக்கும். தேங்காய் அரைக்கலாம், ஏத்தம் ஏறாது," என்றார் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டின் மூத்தவர். அந்தச் சொல்லை அங்கேயே மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். ஆட்டோ எனக்குத் தொழில். ஆட்கள் சொல்வதைப் பொறுக்கிச் சேர்ப்பது அதைவிடப் பழைய பழக்கம்.

அவர் சொன்னது மீன்கார அக்காவின் புது மூன்று சக்கர மின்சார வண்டியைப் பற்றி. குளத்தூர்ப் பக்கக் கடற்கரையிலிருந்து எங்கள் பெருங்கடவிளைக்கு மீன் கொண்டு வருகிறவர் அவர். மீன் சருவத்தை, அந்த அகலப் பாத்திரத்தைப் பார்த்தால் பஸ்ஸில் முகம் சுளிப்பார்கள். நாங்களும் ஏற்ற மாட்டோம். அடுத்த சவாரிக்கு வாடை நிற்கும் என்று நானே எத்தனையோ தரம் கை விரித்திருக்கிறேன். அவர் சருவத்தைத் தலையில் வைத்து நடப்பார். கழுத்தெலும்பு தேய்ந்துபோய், இனி ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தலையில் வைக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த வண்டி. அது ஏறாவிட்டால் ஏற்றத்து மேல்வீடுகள் கைவிட்டுப் போகும். வியாபாரத்தில் பாதி அந்த வீடுகள்தான்.

ஏற்றம் என்றால் சாதாரண ஏற்றமில்லை. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே, ஜல்லி பெயர்ந்து, சுவர் மாதிரி நிற்கும். எங்கள் பழைய வண்டிகளுக்கு அங்கே ஒரு சட்டம் உண்டு: நடுவில் நிறுத்தக் கூடாது. நின்றால் பின்னால் உருளும், திரும்பவும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் நடு ஏற்றத்து வீட்டுக்காரர்களையும் உச்சிக்குக் கொண்டுபோய்த்தான் இறக்குவோம். அவர்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வீட்டுக்குப் போவார்கள். யாரும் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை.

ஐஸ் பெட்டி நிறைய சாளை மீனோடு அக்கா வந்தார்.

"பிள்ளே, ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு மூச்சுப் புடிச்சு ஏறிக்கோ," என்றார் மூத்தவர்.

"கியர் இல்ல அண்ணா."

"பின்னே எதைப் போட்டு ஏறுவ?"

"சாளையைப் போட்டிருக்கேன், போராதா?"

வண்டி சத்தமே இல்லாமல் ஏறியது. பாதியில் நின்றுவிட்டது.

"பாத்தியா," என்றார் மூத்தவர். குரலில் சந்தோஷம் இல்லை. "எலே, கல்லு கொண்டு ஓடு."

சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூச்சிரைக்கப் போய்ப் பார்த்தால், அக்கா தராசைப் பிடித்து மீன் நிறுத்துக்கொண்டிருக்கிறார். வாசலில் பாத்திரத்தோடு நிற்பது மூத்தவரின் மனைவி.

"கல்லு எதுக்கு?" என்றார் அவர்.

"வண்டி நின்னு போச்சே."

"நான்தான் நிக்கச் சொன்னேன். கல்யாணம் கழிஞ்ச நாள் முதல் எனக்க வீட்டுக்காரர் என்னை உச்சியிலதான் எறக்கி விடுதாரு. இந்த வண்டிக்காவது எங்க வாசல் தெரிஞ்சுதே."

கல்லை வைக்கவே மறந்துபோனேன். அக்கா ஏறி உட்கார்ந்து, பிரேக்கை விட்டு, கைப்பிடியை முறுக்கினார். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளவில்லை. அடியிலிருந்து ஓட்டம் பிடிக்காமல், நின்ற நிலையிலிருந்து, அந்த ஏற்றத்தில் ஒரு வண்டி கிளம்பிப் போனதை என் வாழ்நாளில் முதல் தரமாகப் பார்த்தேன். கல்லும் கையுமாக நின்று கூவினேன். மேலே ஒவ்வொரு வாசலிலும் அக்கா நிறுத்தினார், கிளம்பினார். நடந்து விற்ற காலத்தில் விற்று முடிய உச்சி வெயிலாகும். இன்றைக்குப் பத்து மணிக்கு முன்னே பெட்டியில் ஐஸ் தண்ணீர்தான் மிச்சம்.

கீழே வந்ததும் ஸ்டாண்டே அவரைச் சூழ்ந்துகொண்டது. மூத்தவர் மட்டும் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார்.

"நடுவுல நிறுத்தியும் எப்படிப் பிள்ளே உருளாம எடுத்த?"

"நாளைக்கு நெத்திலி கொண்டு வாறேன், அப்பவும் நிறுத்துவேன். சந்தேகம் உண்டுன்னா ஓட்டிப் பாருங்க அண்ணா."

அவர் சாவியை வாங்கினார். அக்கா பின்னால் பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார். மூத்தவரின் இடது கை கிளட்சைத் தேடித் தேடி அலைந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். அவர் கண்டுகொள்ளவில்லை. மெல்ல ஏறிப்போய், நடு ஏற்றத்தில் தன் வீட்டு வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்தி, மனைவி வெளியே வரும்வரை ஹாரன் அடித்தார்.