காலரில் ஒரு கோடு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றும் எனக்குக் குழப்பம் உண்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதியது என்று பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதப்போவது ஒரு சட்டையைப் பற்றி. வெள்ளைத் துணியில் மெல்லிய நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. அதன் காலரின் உள்பக்கம், கழுத்து படும் இடத்தில், வியர்வைக் கறை ஒன்று பழுப்பாக ஓடுகிறது. அந்தச் சட்டை என்னுடையது அல்ல. அந்தக் கறை என்னுடையது.

புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் இருக்கும் ஒரு தெருமுனையில், புங்க மரத்தடியில் என் இஸ்திரி வண்டி நிற்கிறது. இருபத்தாறு வருடமாக அங்கேதான். எனக்குப் பேச வராது. எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். நாள் முழுக்கக் குனிந்தே இருக்கலாம். ஆனால் குனிந்திருப்பவனுக்குத் தெருவில் எல்லாம் தெரியும். எந்த வீட்டில் பெண் வயதுக்கு வந்தாள், எந்த வீட்டில் ஒருவருக்கு வேலை போயிற்று, எந்த வீட்டில் பிள்ளை வெளியூர் போயிற்று என்பதைத் துணி மூட்டை முதலில் எனக்குத்தான் சொல்லும். நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான்காவது வீடு, மஞ்சள் சுவர் வீடு. அங்கே இருந்த பிரெஞ்சுக்காரப் பெண்மணியை எல்லோரும் மதாம் என்றே கூப்பிடுவோம். நம்மூர்க்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். அவரை நான் சார் என்பேன். மாதா கோயிலுக்குப் போகும் குடும்பம்; அது சாருடைய அப்பா காலத்து வீடு. மதாம் தமிழ் கற்றுக்கொண்டது பெரிய மார்க்கெட்டில், மீன்காரப் பெண்களிடம். அதனால் அவர் வாயில் மரியாதை ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. முதல் முறை மூட்டையோடு வந்தவர், "இன்னாண்ணே, இந்த வெய்யில்ல பொட்டி சூடா, நீ சூடா?" என்றார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நான் பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கை பறந்துவிட்டது. பிறகு ஒரு வருடம் தொளதொளவென்ற கவுன்கள் வந்தன. அடுத்த வருடம் கைக்குட்டை அளவில் சட்டைகள். பிறகு பள்ளிக்கூட யூனிபாரம். அந்தப் பெண்ணுக்கு நான் சொல்கிற கதை நடந்தபோது ஏழு வயது.

சாருடைய சட்டைகள் வாரத்துக்கு ஆறு வரும். ஒரு கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அவை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மதாமுடையதும் பெண்ணுடையதும் மட்டும் வந்தன. சார் தவளக்குப்பத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. இருவருக்குள்ளும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. துணியில் அது தெரிவதில்லை.

ஆறு மாதம் கழித்து மூட்டையில் நான்கு சட்டைகள் வந்தன. மேலே அந்த நீலக்கோட்டுச் சட்டை. சார் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். காலரைத் தேய்க்க விரித்தேன். நம்மூர் வெயிலில் ஒரு சட்டையை ஒரு நாள் போட்டாலே, எவ்வளவு துவைத்தாலும் காலரில் அதன் அடையாளம் கொஞ்சம் இருக்கும். அதில் இல்லை. பழைய கறை முழுதும் வெளுத்து, அலமாரியில் கிடந்த வாசனை அடித்தது. அடுத்த வாரமும் அதே நான்கு சட்டைகள். அதற்கடுத்த வாரமும் அவையே. யாரும் போடாத சட்டைகளை மதாம் தண்ணீரில் முக்கிக் காயவைத்து என்னிடம் கொடுத்தனுப்புகிறார் என்று புரிந்தது. ஏன் என்று புரியவில்லை.

ஒரு மத்தியானம் அவரே வந்து வண்டியோரம் நின்றார்.

"அண்ணே, யாராச்சும் வந்து கேட்டா…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, "ஒண்ணுமில்ல, வுடுங்க" என்றார். ஆனால் போகவில்லை. நான் பெட்டிக்குக் கரி போடுவதைப் பார்த்துக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார். இந்தியரைக் கட்டிக்கொண்டவர்களுக்கு ஆயுள் முழுக்க இங்கேயே இருக்க ஓர் அட்டை தருவார்களாம். சாரும் அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அதற்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்புறம்தான் சார் போனது. இப்போது சர்க்காரிலிருந்து ஒருவர் விசாரிக்க வருவார். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே வீட்டில் இருக்கிறார்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார். இல்லையென்றால் அட்டையும் இல்லை, இப்போதிருக்கும் விசாவும் நீளாது. அவர் தன் தேசத்துக்குப் போக வேண்டியதுதான்.

"அப்ப பாப்பா?" என்றேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"அப்பா கையெழுத்து இல்லாம அவள கூட்டிக்கினு போவ முடியாது. அவரு போட மாட்டாரு. 'நான் வந்து பொய்யும் சொல்ல மாட்டேன், உன்ன மாட்டியும் வுட மாட்டேன். புள்ள மட்டும் இங்கதான் இருக்கும்'னு சொல்லிட்டாரு." பிறகு, "உங்கள நான் எதுவும் சொல்லச் சொல்லலண்ணே" என்றார்.

அவர் போன பிறகு நான் அந்தச் சட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறவர் விவரமானவராக இருந்தால் ஒரு காலரைத் திருப்பிப் பார்த்தால் போதும். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமலா போகும்?

அன்று சாயங்காலம் நீலக்கோட்டுச் சட்டையை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மற்றத் துணிகளைக் கொடுத்துவிட்டு, "கரி சரியில்ல மதாம், சட்டைய ரெண்டு நாள் கழிச்சித் தரேன்" என்று சொல்லியிருந்தேன். நான் அவரிடம் சொன்ன முதல் பொய். வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு விறகு பிளந்தேன். தண்ணீர் இறைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் கரி வாங்க அதோடேயே சைக்கிள் மிதித்தேன். சார் நல்ல உயரம், நான் குள்ளம். கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டாலும் நழுவி நழுவி விரலை மூடியது. பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, உலர்த்தி, தேய்த்துக் கொடுத்தேன். காலரில் ஒரு பழுப்புக் கோடு தங்கியது; பொத்தான் போட்டு மடித்துவிட்டால் உள்பக்கம் தெரியாது, மதாமும் மடிப்பைப் பிரிக்காமலே முக்கிக் காயவைப்பார் போல. இப்படியே வாரத்துக்கு ஒரு சாக்குச் சொல்லி, நான்கு சட்டைகளையும் மாற்றி மாற்றி இரண்டு மாதம் போட்டேன்.

என் மனைவி சும்மா இருப்பாளா? "யாருதுய்யா இது? சோளக்கொல்லப் பொம்மைக்கு மாட்டினாப்புல இருக்குது" என்றாள் முதல் நாள். விஷயத்தைச் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "கேக்க வர்றவன் சட்டையக் கேப்பானா, உன்னக் கேப்பானா? நாலு பேரு எதிர்ல உனக்கு வாயே தொறக்காதே. மாட்டிக்கினா யாரு பதில் சொல்றது? அந்தம்மா கப்பல் ஏறிப் பூடும். நீ எங்க போவ?" என்றாள். அவள் சொன்னது எல்லாம் நியாயம். வாயால் ஒருவருக்காகப் பேசத் தெரியாதவன், கழுத்தைக் கொடுத்துப் பார்த்தேன் என்று இப்போது எழுதத் தெரிகிறது. அன்று அதையும் சொல்லத் தெரியவில்லை.

ஆவணியில் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். சாதாரண பேண்ட் சட்டையில் ஒருவர் பைக்கை மரத்தடியில் நிறுத்தினார். கையில் ஒரு காகித உறை. யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ரொம்ப நாளா இங்கதானா அண்ணே?"

"ஆமாங்க."

"அந்த மஞ்ச வீட்டுத் துணி உங்ககிட்டதான் வருதா?"

"வருதுங்க."

"ஆம்பள துணி?"

இதற்காகத்தான் இரண்டு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. தேய்த்து வைத்திருந்த அடுக்கில் மேலே இருந்த நீலக்கோட்டுச் சட்டையை எடுத்து நீட்டினேன். அவர் பொத்தானைக் கழற்றி, காலரைத் திருப்பி, கட்டைவிரலால் அந்தப் பழுப்புக் கோட்டைத் தடவிப் பார்த்தார். பெட்டி துணிமேல் இருப்பதை நான் மறந்திருந்தேன். தீயும் வாசனை வந்ததும் வெடுக்கென்று எடுத்தேன். யாருடையதோ ஒரு தலையணை உறை.

"போட்ட சட்டதான்" என்றார் தனக்குள். பிறகு, "சட்டையும் எடுத்துக்கங்க. அவங்க வீட்டுலயே உக்காந்து நான் எழுதிடுறேன், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார்.

அத்தனை வருடத்தில் அந்த வீட்டுக் கேட்டைத் தாண்டி நான் போனதில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். சட்டை மடியில் இருந்தது. மதாம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். விசாரிக்க வந்தவர் ஒரு தாளில் எழுதி, வாசித்துக் காட்டினார். கணவன் மனைவி இருவரும் மேற்படி வீட்டில் ஒன்றாக வசித்து வருவதை நான் நேரில் அறிவேன் என்று அதில் இருந்தது. நான் சொன்னது அதுவல்ல. சட்டை வருகிறது என்று மட்டும்தான் காட்டினேன். ஆனால் அதற்கு அதுதானே அர்த்தம்? பேனாவை வாங்கிக்கொண்டேன்.

என் பெயரில் ஐந்து எழுத்து. நான் கையெழுத்துப் போட்டால் ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். முதல் எழுத்தைப் போட்டேன். இரண்டாவதைப் போடும்போது மதாமின் பாதங்கள் என் பக்கத்தில் வந்து நின்றது தெரிந்தது. அவர் என் மடியிலிருந்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தான் கழன்று காலர் விரிந்து கிடந்தது. அவர் சுத்தமாகக் கொடுத்த காலரில் பழுப்பாக ஒரு கோடு. கைப்பட்டியில் எவ்வளவு துவைத்தும் போகாத லேசான கரிக்கறை. பிறகு அவர் பார்வை என் கழுத்துக்கு வந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை. மூன்றாவது எழுத்தை ஆரம்பித்தேன்.

"சார், அத வாங்கிக்கங்க. அவரு எழுத வேணாம்."

"ஏம்மா?"

"என் புருஷன் இங்க இல்ல. ஒம்போது மாசமா இல்ல. இவரு நல்லவரு, இவருக்கு ஒண்ணும் தெரியாது. இவர வுட்டுடுங்க."

விசாரிக்க வந்தவர் மதாமைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நீங்க போயி வேலையப் பாருங்கண்ணே" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேறொரு தாளை எடுத்து அவர் எழுத ஆரம்பித்ததைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அட்டை கிடைக்கவில்லை. பெண்ணின் முழுப் பரீட்சை முடியும்வரை இருக்க அனுமதி கிடைத்தது. ஏப்ரலில் மதாம் போனார். போவதற்கு முதல் நாள் வண்டிக்கு வந்தார். மூட்டை எதுவும் இல்லை, வெறும் கை.

"அந்தச் சட்ட உங்களுக்கு ரொம்பப் பெருசுண்ணே" என்றார். சிரித்தபடிதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது சிரிப்பாக இல்லை. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கரியை ஊதிக்கொண்டிருந்தேன்.

இந்த நான்கு வருடமாக எனக்குள் ஒரு கேள்வி. நான் அந்தச் சட்டைகளைப் போடாமல் இருந்திருந்தால்? வந்தவர் காலரைத் திருப்பாமலே போயிருக்கலாம். என்னை உள்ளே அழைத்திருக்க மாட்டார். தனக்காக ஒருவன் பொய்யில் பெயரைப் போடுவதை மதாம் கண்ணால் பார்க்க நேர்ந்திருக்காது. அவருக்கு உதவப் போய் அவரை அனுப்பிவைத்தவன் நான்தானோ என்று தோன்றும். "அப்படி இருந்தா அந்தம்மா வேற மாதிரி மாட்டியிருக்கும்" என்கிறாள் மனைவி. இருக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை சுற்றுலா வந்தவர்களைப் போல மதாம் வருகிறார். பக்கத்துத் தெரு லாட்ஜில் தங்குகிறார். பெண் இப்போது அம்மா தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். இருவரும் கைகோத்துக்கொண்டு என் வண்டியைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவார்கள். மஞ்சள் வீட்டு வாசலில் மட்டும் மதாம் நடையை வேகமாக்குவார்.

பெண்ணுக்காகச் சார் அந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். அதனால் இப்போது மூட்டையில் சட்டைகள் வருகின்றன. வாரத்துக்கு ஆறு. எல்லாம் அவர் போட்ட சட்டைகள்தான். அன்று ஒரே ஒரு வாரம் இப்படி வந்திருந்தால் போதும். நீலக்கோட்டுச் சட்டையும் வருகிறது. அதன் காலரில் இப்போது இரண்டு கோடுகள். மேலே இருப்பது சாருடையது. ஒரு விரற்கடை கீழே, கொஞ்சம் மங்கலாக, என்னுடையது.

போன வாரம் சார் அதைத் தானே கொண்டுவந்தார். காலரைத் திருப்பிக் காட்டி, "பாருங்கண்ணே, எத்தன சோப்பு போட்டாலும் இது போவல. நானா இவ்ளோ வேர்க்குறேன்?" என்றார்.

"நம்மூரு வெய்யிலு சார்."

"தூக்கிப் போட்டுடலாமா?"

"வேணாம் சார்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்."

அவர் போனதும் சட்டையை விரித்தேன். பெட்டியைக் காலர்மேல் வைக்கும் முன் கொஞ்ச நேரம் கையில் பிடித்திருந்தேன். பிறகு தேய்த்து, பொத்தானைப் போட்டு, கோடு இரண்டும் உள்ளே போகும்படி மடித்துவைத்தேன்.

மாசி மகத்துக்கு மறுநாள், வண்டி போடாத நாளில் எழுதியது.