கல்யாணப் பயத்தங்காய்

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் என் கல்யாணம் ஒரே வாரத்தில் முடிவானது. வயசுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாத காலம் அது. தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே அம்மா என்னை அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிய வைப்பார். பீப்பாயில் அரிசிதான் இருக்காது.

சோறு இல்லாத விருந்தில் கறியாவது நிறைய இருக்க வேண்டும் என்பது அப்பாவுக்கு மானப் பிரச்சினை. "மரவள்ளிக்கிழங்கோட ஏழு காய் வைப்பேன்" என்று புக்கிட் பாருவிலிருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தார். காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டுக் கொல்லையில் விளைந்தது போதாது. பாசார் கடைகளிலும் ஒன்றும் கிடைக்காது. அக்கம்பக்கத்தார்தான் தங்கள் கொல்லையில் பறித்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போதே கொடுத்துவிட்டார்கள். அதையெல்லாம் கெடாமல் காக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அதில் நான் கெட்டிக்காரி என்ற கர்வம் எனக்கு உண்டு. கிழங்கை ஈர மணலில் புதைத்தேன். கத்திரிக்காயை ஆறிய அடுப்புச் சாம்பலில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கினேன். கீரையை வேரோடு தண்ணீர்ச் சட்டியில் நிறுத்தினேன். பயத்தங்காயைத்தான் கைக்குழந்தையைப் போல் பார்த்துக்கொண்டேன். வாழை இலையில் சுற்றி, கூடையில் வைத்து, நனைத்துப் பிழிந்த சாக்கை மேலே போர்த்தினேன். காலையில் ஒரு தெளிப்பு, மாலையில் ஒரு தெளிப்பு. அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது.

நலங்கு வைத்ததும் வந்தது வினை. மஞ்சள் பூசிய பெண் படி தாண்டக்கூடாதாம், கொல்லைப்பக்கம் போகவே கூடாதாம். கல்யாண வீட்டுக்கு வந்த சித்தி, பெரியம்மாக்கள் சும்மா இருப்பார்களா? கூடையைக் கடந்து போன ஒவ்வொருவரும், "பாவம், யாரும் தண்ணி தெளிக்கல போல" என்று ஆளுக்கொரு சொம்பு ஊற்றிவிட்டுப் போனார்கள். "ஊத்தாதீங்க!" என்று அறையிலிருந்து கத்தினேன். "கல்யாணப் பொண்ணு கத்தக்கூடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, நாற்றம் அறைக்குள்ளேயே வந்துவிட்டது. சாத்திரமாவது மண்ணாங்கட்டியாவது என்று கொல்லைக்கு ஓடினேன். சாக்கைத் தூக்கினால் பயத்தங்காய் கொழகொழவென்று கையோடு வந்தது. அப்பாவின் வாக்கு போயிற்றே என்று அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அந்த நேரம் பார்த்துக் கூறைப்புடவையோடு மாப்பிள்ளையின் அம்மா வந்து சேர்ந்தார். அழுகைச் சத்தம் கேட்டு, உடன் வந்தவர்களை முன்னறையிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் பின்னால் வந்தார். என் பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா அழுவுற? என் மவன புடிக்கலயா? ஜப்பான்காரனுக்குப் பயந்து கட்டி வைக்கிறாங்களா? மறைக்காம சொல்லு. இப்பவே நிறுத்திர்றேன், பழி என் மேலயே போவட்டும்."

"ஐயோ, அதெல்லாம் இல்ல அத்தே. பயத்தங்கா அழுவிப் போச்சி."

அவர் கூடையைப் பார்த்தார். மஞ்சள் முகத்தில் கோடு கோடாகக் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னோடு சேர்ந்து நல்ல காயைப் பொறுக்க ஆரம்பித்தார்.

இரண்டு பிடி தேறியது. பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு வாரமாக விருந்தைப் பற்றியும் காய்கறியைப் பற்றியும் வீடே பேசித் தீர்த்திருந்தது. மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.