தேரன்று ஒரு கண்டல் வகுப்பு

நீரோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களைக் காப்பது பற்றிப் பாடம் எடுக்க, கொழும்பிலிருந்து வந்து அரியாலை நீரேரிக் கரையில் நிற்கிறேன். ஊர்ச் சனமும் இல்லை, பள்ளிப் பிள்ளைகளும் இல்லை. வெயில் மட்டும் நேரத்துக்கு வந்திருக்கிறது.

திடீரென்று கண்டலுக்குள் சரசரப்பு. முதலைதான் என்று முடிவுகட்டி, "ஐயோ!" என்று கையிலிருந்த ஒலிபெருக்கியிலேயே கத்திவிடுகிறேன். அக்கரைக்கே கேட்டிருக்கும்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை, நான்தான்."

கையில் கத்தியும் இடுப்பில் கண்டல் விறகுக் கட்டுமாக ஒரு பெண் வெளியே வருகிறாள்.

"இண்டைக்குக் கோயிலிலை தேரெல்லோ! ஆர் வருவினம்? ஒருத்தரிட்டையும் கேக்காமலே நாள் வைச்சனீங்கள்?"

"நீங்கள் போகேல்லையோ, தங்கச்சி?"

"எங்களுக்குத் துடக்கு. என்ரை மனுசன் செத்து முப்பத்தொண்டாம் நாள் இன்னும் கழியேல்லை, கோயிலுக்குப் போகேலாது." கட்டை இறக்கி, அதன் மேலேயே உட்காருகிறாள். "வீட்டிலை கதைக்கவும் ஆளில்லை. சொல்ல வந்ததை எனக்குச் சொல்லுங்கோவன்."

என் பாடத்தின் முதல் வரி, 'கண்டலை வெட்டாதீர்கள்'. அதை விழுங்கிவிட்டு, அந்த வேர்களுக்குள் இறால் குஞ்சுகள் வளர்வதைச் சொல்லத் தொடங்குகிறேன்.

"அவரும் றால்தான் பிடிச்சவர்" என்கிறாள்.

அடுத்த வரி எனக்கு மறந்துபோகிறது. நானும் சேற்றோரம் உட்காருகிறேன். இனி அவள் கதைக்கட்டும்.