இடது கையால் எழுதிய ஒன்பது

என் கணவர் மேட்டுப்பாளையத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒருநாள் காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து தோசை நழுவி விழுந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் போய்விட்டன.

வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீர் வேண்டுமென்றால் 'பஸ்' என்பார். மகளின் பேரும் வராது, என் பேரும் வராது. பார்க்க வந்த கொழுந்தனார் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டே, அண்ணனுக்கு இனி ஒன்றும் புரியப்போவதில்லை, வேலையை விட்டுவிடலாம் என்றார். நானும் சரியென்றுதான் நினைத்தேன்.

எட்டாவது படிக்கும் மகள் ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். 3x − 7 = 20. 7-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோனவள் குறியை மாற்ற மறந்து, 3x = 20 − 7 என்று எழுதிவிட்டாள். பதின்மூன்றை மூன்றால் வகுக்க முடியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் இடது கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். கழித்தல் குறியின் குறுக்கே ஒரு கோடு கிழித்துக் கூட்டலாக்கினார். கோணல்மாணலாக எழுதினார்: 3x = 27. x = 9. அதோடு விடாமல், வகுப்பில் பிள்ளைகளைச் செய்யச் சொல்வதுபோல, ஒன்பதை மறுபடி x இருந்த இடத்தில் போட்டு, இருபது வருகிறதா என்று சரிபார்த்தார்.

காபி டம்ளரோடு வந்த நான் கதவோரத்திலேயே நின்றுவிட்டேன்.

"x எத்தனைங்கப்பா?" என்றாள் மகள்.

ஒன்பதைத் தொட்டுக் காட்டி, "கதவு" என்றார். தப்பென்று அவருக்கே தெரிந்து தலையை ஆட்டினார். மறுபடியும் "கதவு" என்றுதான் வந்தது. கண்கள் நிறைந்துவிட்டன.

அவர் எங்கேயும் போய்விடவில்லை. உள்ளேதான் இருந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க, நாங்க பேசுனதெல்லாம் உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன். மெதுவாகத் தலையசைத்தார். அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணுக்கு இது ஆச்சரியமாக இல்லை. சிலருக்குப் பேச்சு கெட்டாலும் கணக்கு மட்டும் கெடாமல் இருக்கும் என்றார். கொழுந்தனாருக்குப் போன் செய்து, "வேலை விசயத்த உங்க அண்ணங்கிட்டயே கேட்டுக்கலாமுங்க" என்றேன்.

இப்போது ஒவ்வொரு சொல்லாக வருகிறது. என் பேர் இன்னும் வரவில்லை. மகளின் கணக்கில் தப்பிருந்தால் மட்டும், ஒன்றும் சொல்லாமல் பேனாவுக்குக் கை நீட்டிவிடுகிறார்.