பாய்மரத்தின் மறுமுனை

தாம்பரத்தில் எங்கள் வீட்டு வராந்தாவில், கழற்றாத ஒரு பாய்மரம் எட்டு மாதமாகக் கிடக்கிறது. பலகைமேல் நின்று, பாயைப் பிடித்துக்கொண்டு, காற்றோடு கடலில் ஓடும் விண்ட்சர்ஃபிங் விளையாட்டுக்கானது. நாற்பது வயதுக்குமேல் என் கணவருக்குப் பிடித்த பைத்தியம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோவளம்தான். நான் தண்ணீரில் கால்கூட வைக்கமாட்டேன். எனக்கு அங்கே ஒரே வேலை. பாய்மரம் இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று செருகியது. கரைக்கு வந்ததும், "அந்தப் பக்கம் பிடிம்மா" என்பார். ஆளுக்கொரு முனையை இழுத்துக் கழற்றுவோம்.

ஒருமுறை, உதவுகிறேன் பேர்வழி என்று தையல் மெஷின் எண்ணெயை அந்த இணைப்பில் தாராளமாக விட்டுவைத்தேன். கோவளத்து மணலெல்லாம் அதில் குடியேறிவிட்டது. அரை மணி நேரம் இழுத்தோம்; கழன்றபோது இருவரும் மல்லாந்து விழுந்தோம். மீன் விற்றுக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி, "இன்னாம்மா, புருசனும் பொண்டாட்டியும் போட்டி போட்டுகினு கீறீங்க?" என்று சிரித்தாள். அவர் திட்டவில்லை. "எண்ணெய் மணலப் பிடிச்சு வெச்சுக்கும்மா. இதுக்குக் காஞ்சதுதான் சரி" என்றார். அதன்பிறகு இணைப்பை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவைத்து ஒரு ஸ்ப்ரே அடிப்பார். ஈரம் பறந்துபோய், மாவு தடவியதுபோல் வெள்ளைப் படலம் மட்டும் நிற்கும். மணல் ஒட்டாது. அந்த டப்பாவை மட்டும் நான் தொடக்கூடாது.

போன அறுப்பின் பண்டிகையன்று, நல்ல காற்று என்று, காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் ஆலயத்து விற்பனைக்கு நிற்காமல் கிளம்பினார். "அப்போ நீங்களே போய் இழுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டேன். மாலையில், கழற்றாத மரத்தைக் கார்மேல் கட்டிக்கொண்டு ஊரே பார்க்க வந்து சேர்ந்தார். "நீ இல்லாம கழண்டு வரல. அந்தப் பக்கம் பிடிம்மா." நான் முகம்கொடுக்காமல் சமையலறைக்குப் போய்விட்டேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பேசவில்லை. புதன்கிழமை மாரடைப்பில் போய்விட்டார்.

கோவளத்தில் அவரோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் போன வாரம் மரத்தைக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கேட்டவர் எடுத்துப்போக வருவதற்குமுன், ஒரு துண்டைக் காலால் அழுத்திக்கொண்டு மற்றதைச் சும்மா இழுத்துப் பார்த்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. உள்ளே வெள்ளைப் படலம். ஒரு பொட்டு மணல் இல்லை. தனியாக இழுத்தால் வராத மரமே இல்லை அது. கோபமாக இருந்த என்னைக் கூப்பிட அந்த மனிதருக்கு வேறு வழி தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு இரண்டையும் பழையபடி செருகிவைத்தேன். வந்தவரிடம், "தனியா இழுத்தா வரல சார்" என்றேன்.

"நான் அந்தப் பக்கம் பிடிக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம் சார்," என்றேன். "அப்படியே இருக்கட்டும்."