திரும்பி விழுந்த எழுத்து

எங்கள் தெருமுனைக் கிளை நூலகத்தின் கம்பிக் கதவில் கட்டியிருந்த மஞ்சள் அட்டையை நின்று மூன்று முறை படித்தேன். அச்சுப்படக் கண்காட்சி, அனைவரும் வருக என்று எழுதி, கீழே ஒன்பது பேரின் பெயர்கள். ஐந்தாவது பெயர் என் ஓரகத்தியுடையது. என் கணவரின் தம்பி மனைவி. வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொடுப்பவள். நான் இந்தத் திண்டுக்கல்லில் இருபத்திரண்டு வருடமாக ஓவிய ஆசிரியை. என் பெயர் பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழைத் தவிர எதிலும் வந்ததில்லை. அதிலும் மேடை அலங்காரம் என்ற வரிக்குப் பக்கத்தில்தான்.

இத்தனைக்கும் நூலகர் முதலில் கேட்டது என்னைத்தான். "ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து சொல்லிக்குடுங்க டீச்சர்" என்றார். பேப்பர் படிக்க வருகிறவர்களும் போட்டித் தேர்வுப் பிள்ளைகளும் உட்காரும் அந்த ஒற்றை அறையில் போய் என்ன கற்றுத்தருவது என்று எனக்கு ஒரு மிதப்பு. நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். மதுரையிலிருந்து வேறொருவர் வந்தார். லினோலியம் விரிப்பைச் சிறு உளியால் செதுக்கி, மேடாக நிற்கும் இடத்தில் மையை உருட்டி, மேலே தாளை வைத்துக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து எடுக்கும் படங்கள். மகளைக் கொண்டுபோய் விடப் போன என் ஓரகத்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் இரண்டாம் வாரமே நின்றுவிட்டாள். இவள் நிற்கவில்லை.

அட்டையைப் படித்த அன்று மதியமே அவள் வீட்டுக்குப் போனேன். என்னதான் செய்கிறாள் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. தையல் மிஷினின் மேல் செதுக்கிய லினோலியப் பலகை கிடந்தது. ஒரு டவுன் பஸ். அதன் படியிலிருந்து மாம்பழக் கூடையுடன் இறங்குகிற அவளுடைய அம்மா. முந்தானையின் ஒவ்வொரு மடிப்பும் ஒரே இழுப்பில் விழுந்திருந்தது. வருடக்கணக்காகத் துணி வெட்டிய கை. எனக்கு அப்படி ஒரு கோடு வராது என்பது பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது.

பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் நத்தம் என்று பென்சிலால் எழுதியிருந்தாள். இனிமேல்தான் செதுக்க வேண்டும். நேராக எழுதியிருந்தாள். அச்சில் அது கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி விழும். எழுத்து செதுக்கக் கற்றுக்கொடுத்த ஞாயிறன்று, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அவள் ஊருக்குப் போயிருந்தாள்.

"அக்கா, நீங்க படிச்சவங்க. எதாச்சும் தப்பிருந்தா சொல்லுங்க" என்றாள்.

பலகையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, செத்த நேரம் பார்த்தேன். ரப்பரால் அழித்துத் திருப்பி எழுதினால் போதும்.

"நல்லாருக்கு" என்றேன்.

கண்காட்சிக்குச் சீக்கிரமே போய்விட்டேன். வார இதழ்கள் அடுக்கும் அலமாரிகளை ஓரம்தள்ளி, சணல் கயிற்றில் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவளுடைய படத்துக்கு முன்னால்தான் கூட்டம். நத்தம் திரும்பித்தான் விழுந்திருந்தது. பார்க்க வந்தவர்களில் ஒருவர், பஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராம், "எழுத்து இடவலமா மாறிப்போச்சேம்மா" என்று சிரித்தார். நான் காத்திருந்தது அந்தச் சிரிப்புக்காகத்தான்.

அவள் பதறவில்லை. "ஆமாங்கய்யா, தெரியாமத்தான் செதுக்கிட்டேன். தாளை உரிச்சதும் அழுகையா வந்துச்சு. அப்பறம் பாத்தேன். எங்கம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுல ஒவ்வொரு பஸ்கிட்டயும் போயி, இது நத்தம் போகுமா அப்பு, இது நத்தம் போகுமா அப்புன்னு கேட்டுட்டேதான் ஏறும். அதோட கண்ணுக்கு எந்தப் பலகையும் இப்படித்தான தெரிஞ்சிருக்கும்? அதான் அப்படியே மாட்டிட்டேன்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி ஒரு முறை படத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்கூட முதலில் வரவில்லை. நான் கெடுக்க நினைத்ததும் இவள் கையில் அழகாகிவிட்டதே என்ற பொறாமைதான் வந்தது. உள்ளபடி சொல்வதென்றால், முன்னைவிட அதிகமாக வந்தது.

கூட்டம் கலைந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றாள். படத்தைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டாள்.

"அக்கா, நீங்க அன்னைக்கே பாத்துட்டீங்கல்ல?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் வேலை என்னவென்று அறிந்தவளிடம் அந்தப் பொய் நிற்காது.

"பாத்தேன்" என்றேன்.

தலையாட்டினாள். "சரிக்கா. டீ வச்சிருக்காங்க, குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை வரவேற்கப் போனாள்.

மூன்று வருடமாகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்போலவே வருகிறாள், அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், என் ஜாக்கெட்டுகளை இன்னும் அவள்தான் தைக்கிறாள். அதற்குப் பின் எட்டுப் படங்கள் செதுக்கிவிட்டாள். எட்டையும் நான் மற்றவர்களைப் போல, மாட்டிய பிறகு நூலகத்துச் சுவரில்தான் பார்த்தேன்.